சராசரி வெயில் எந்த ஊர் வெயில்?

2024 ஏப்ரல் கடைசியில் ஈரோடு 42 டிகிரியைத் தாண்டியது. கத்திரி ஆரம்பிக்கும் முன்னாடியே இப்படின்னா, ஆரம்பிச்சா என்ன ஆகும் என்று கொங்கு நாடு முழுக்க அதே பேச்சு. அடுத்த வருடம் கதை தலைகீழ். 2025 மே 24-ஆம் தேதியே தென்மேற்குப் பருவமழை கேரளாவில் தொடங்கிவிட்டது. வழக்கமான தேதி ஜூன் 1. 2009-க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் தொடங்கியது அதுதான் முதல் முறை. கத்திரி முடிவதற்குள்ளேயே நீலகிரிக்கும் கோவைக்கும் ரெட் அலர்ட் வந்தது.

வெயில் காய்ச்சிய வருடமும் சரி, மழை கொட்டிய வருடமும் சரி, திருப்பூரில் கேட்ட வாசகம் ஒன்றேதான்: "முன்ன மாதிரி இல்லைங்க."

இந்த 'முன்ன மாதிரி' என்பது என்ன? எதோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறோம்? சித்திரை, வைகாசி என்றால் இப்படித்தான் இருக்கணும் என்ற எதிர்பார்ப்பு நம் தலைக்குள் எங்கிருந்து வந்தது? சாஃப்ட்வேர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ரிப்போர்ட்டில் ஒரு எண் வித்தியாசமாக இருந்தால், அதைத் திட்டுவதற்கு முன் அது எதோடு ஒப்பிடப்படுகிறது என்று பார்ப்போம். பாதி நேரம் சிக்கல் எண்ணில் இருக்காது, ஒப்பிடும் அடிப்படையில் இருக்கும். வானிலைக்கும் அதையே செய்து பார்த்தேன். நம் எதிர்பார்ப்புக்குள் குறைந்தது நான்கு அடிப்படைகள் கலந்து கிடக்கின்றன. நான்கும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில், வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை.

நட்சத்திரம் வைத்த தேதி

முதலாவது, தினசரி காலண்டர். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் ஆரம்பித்து மே 28 வாக்கில் முடியும். வருடா வருடம் இதே தேதிதான், ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். இதன் வரையறை ரொம்பத் துல்லியமானது. சூரியன் பரணி நட்சத்திரத்தின் 3-ஆம் பாதத்தில் நுழைவதில் ஆரம்பித்து, கார்த்திகை முழுவதையும் கடந்து, ரோகிணியின் 1-ஆம் பாதத்தை விட்டு வெளியேறும் வரை. மொத்தம் 7 பாதங்கள். ஒரு பாதம் 3 டிகிரி 20 நிமிடம் என்றால் 23 டிகிரி 20 நிமிடம். சூரியன் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி நகரும். ஆக 24 நாள் சொச்சம். கார்த்திகையின் தேவதை அக்னி என்பதால் அந்தப் பெயர்.

கவனித்தீர்களா? இந்த வரையறையில் தெர்மாமீட்டர் எங்கேயும் இல்லை. இது முழுக்க முழுக்க வானத்து இடக்கணக்கு. அந்த நாட்களில் வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் அக்னி நட்சத்திரம் அக்னி நட்சத்திரம்தான்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவது போல, சுமார் 26,000 வருடத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது. இதனால் நட்சத்திரங்களை வைத்து அளக்கும் வருடம், பருவங்களை வைத்து அளக்கும் வருடத்தை விட சுமார் 20 நிமிடம் நீளம். 20 நிமிடம்தானே என்று விட்டுவிட முடியாது. 71, 72 வருடத்துக்கு ஒரு நாள் சேர்ந்துவிடும். பகலும் இரவும் சமமாக வரும் நாள் மார்ச் 20 அல்லது 21. நம் சித்திரை 1 ஏப்ரல் 14. நடுவில் 24 நாள். சுமார் 1,700 வருடத்துக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில் இருந்தன. அன்றைக்கு அக்னி நட்சத்திரத்தில் சூரியன் இருந்த உயரம், இன்றைய கணக்கில் ஏப்ரல் 10 முதல் மே 4 வரை இருக்கும் உயரம்.

சுதந்திர இந்தியா இதைச் சரி செய்யப் பார்த்தது. 1952-ல் இயற்பியலாளர் மேகநாத் சாஹா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி வந்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் வருடப் பிறப்பு பகலிரவு சமநாளை ஒட்டியே இருக்கும், நகராது. அரசாணைகளின் தலைப்பில் இன்றும் அந்தத் தேதியைப் பார்க்கலாம். வீட்டுச் சுவரில் மட்டும் அது ஏறவே இல்லை. வேப்பம்பூப் பச்சடி ஏப்ரல் 14-க்குத்தான்.

இளவேனிலும் பாலக்காட்டுக் கணவாயும்

இரண்டாவது அடிப்படை, பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடம். பெரும்பொழுது ஆறு. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். வரிசையைப் பார்த்தால் வெயில் முதலில் இளசாக இருந்து, ஆனி ஆடியில் முற்ற வேண்டும்.

திருப்பூர்க்காரர் யாரிடமாவது ஆடியில்தான் வெயில் உச்சம் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பது அவர்களுக்குப் பழமொழி இல்லை, வருடாந்திர அனுபவம்.

காரணம் நமக்கு மேற்கே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்க, பாலக்காட்டில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல். தென்மேற்குப் பருவக் காற்று கேரளாவில் தன் மழையைப் பெரும்பாலும் இறக்கிவிட்டு, இந்த வாசல் வழியாக மேகத்தையும் வேகத்தையும் மட்டும் நமக்கு அனுப்புகிறது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது இதனால்தான். மே முதல் செப்டம்பர் வரை அவற்றுக்கு சீசன்.

இதன் விளைவை எண்ணில் பார்க்கலாம். கோவையில் பகல் நேர அதிகபட்ச வெப்பநிலையின் சராசரி மார்ச்சில் சுமார் 35, ஏப்ரலில் சுமார் 36. மே மாதம் கொஞ்சம் இறங்க ஆரம்பித்து, ஜூலையில் 31-ஐ ஒட்டி வந்துவிடும். சென்னையில் ஏப்ரல் 35 வாக்கில் இருந்து ஏறி, மேயிலும் ஜூனிலும் 37-ஐ ஒட்டி நிற்கும். அதாவது சென்னை உச்சத்தில் இருக்கும்போது கோவை இறங்கிக்கொண்டிருக்கிறது. திருப்பூர் கோவையை விட சுமார் 100 மீட்டர் தாழ்வான இடம். அதனால் அரை டிகிரிக்கு மேல் கூட இருக்கலாம், ஆனால் ஏற்ற இறக்கத்தின் வடிவம் அதேதான்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். திருப்பூர் 11.1 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 19 வாக்கில் நண்பகல் சூரியன் நம் நடு உச்சியில் நிற்கும், கம்பத்துக்கு நிழலே இருக்காது. மறுபடி ஆகஸ்ட் 24 வாக்கில் அதே நிகழ்வு. அதே சூரியன், அதே உயரம். ஆனால் ஏப்ரல் 19 மதியம் ரோட்டில் நிற்க முடியாது. ஆகஸ்ட் 24 மதியம் டீக்கடை வாசலில் நின்று பேசலாம். நடுவில் மாறியது காற்றும் மேகமும் ஈரமும். வானத்தில் சூரியன் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு ஊரின் பருவத்தைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டியதில்லை.

ஆக, நாம் 'இளவேனில்' என்று படித்தது கொங்கு நாட்டில் வருடத்தின் மிகச் சூடான பருவம். 'முதுவேனில்' என்று படித்தது காற்றுக் காலம். பாடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் நிலம் முழுமைக்கும் ஒரே பருவ அட்டவணை பொருந்தும் என்று நினைப்பதுதான் சிக்கல்.

கண்ணாடி உருண்டை

மூன்றாவது, சொல் சார்ந்தது. தமிழில் 'வெயில்' என்றால் சூரிய வெளிச்சம், சூடு இரண்டும். "வெயில் அடிக்குது" என்றால் மேகமில்லை என்று அர்த்தம். "வெயில் தாங்கல" என்றால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். வானிலைக்காரர்களுக்கு இரண்டும் தனித்தனிப் பத்தி. அதிலும் சூரிய வெளிச்ச நேரத்தை அளக்கும் கருவியின் கதை சுவாரசியமானது.

ஜான் பிரான்சிஸ் கேம்பெல் என்பவர் ஸ்காட்லாந்துக்காரர். கேலிக் மொழி நாட்டார் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தவர் என்றுதான் அவருக்குப் பெயர். 1853-ல் அவர் தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடி உருண்டையை மரக் கிண்ணத்துக்குள் வைத்தார். உருண்டை லென்ஸ் மாதிரி வேலை செய்து, சூரிய ஒளியைக் குவித்து மரத்தைக் கருக்கியது. சூரியன் நகர நகரக் கருகல் கோடும் நகர்ந்தது. 1879-ல் இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் அதற்கு உலோகச் சட்டம் செய்து, தினமும் மாற்றக்கூடிய அட்டையைச் செருகும் வசதி வைத்தார். மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். சாயங்காலம் அட்டையை எடுத்து, கருகிய நீளத்தை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று தெரிந்துவிடும். பேட்டரி இல்லை, கடிகாரம் இல்லை. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. சூரியனே பேனா. பல நாடுகளின் வானிலை நிலையங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதுதான் கணக்கு எழுதியது.

அந்தக் கோடு வெளிச்சத்தை மட்டுமே சொல்லும், சூட்டைச் சொல்லாது. கொங்குப் பகுதியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்பது மணி நேர வெயில். வருடத்திலேயே அதிகம் அதுதான். ஏப்ரலுக்குப் பிறகு பகல் நீளும், ஆனால் மதியத்துக்கு மேல் மேகம் திரள்வதால் வெயில் நேரம் குறையும். ஜூலையில் ஐந்து மணி நேரத்தை ஒட்டி விழுந்துவிடும். நம் அட்சரேகையில் மிக நீளமான பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம், மிகக் குறுகிய பகல் பதினொன்றரை. வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆகவே இங்கே வெயில் நேரத்தைத் தீர்மானிப்பது பகலின் நீளத்தை விட மேகம்தான். ஐரோப்பியர்களுக்கு வசந்தம் என்றால் வெளிச்சம் திரும்பி வருவது. நமக்கு அந்த மாதங்களில் வெளிச்சம் உண்மையில் குறைய ஆரம்பிக்கிறது, புழுக்கம் கூடுகிறது. பிப்ரவரியில் யாரும் "வெயில் ஜாஸ்தி" என்று சொல்வதில்லை, அட்டையில் அப்போதுதான் கோடு நீளம். மே மாதம் எல்லோரும் சொல்கிறோம், கோடு அதைவிடக் குட்டை.

இந்த வித்தியாசம் திருப்பூரில் ஒரு காலத்தில் காசு விஷயமாக இருந்தது. டிரையர் மிஷின்கள் பரவலாகும் முன், சலவைப்பட்டறையில் வெளுத்த பனியன் துணியைத் திறந்த வெளியில்தான் காயப்போட்டார்கள். காடு முழுக்க வெள்ளை விரித்த மாதிரி இருக்கும். துணி காய சூடு மட்டும் போதாது. வெயில், காற்று, காற்றில் ஈரம் குறைவு மூன்றும் வேண்டும். மேகமாக இருந்தாலும் காற்று நன்றாக அடித்தால் துணி காயும், ஆனால் புழுதியும் சேரும். ஐப்பசி அடைமழையில் காயாது, டெலிவரி தள்ளும். சித்திரையில் மதியம் வரை நன்றாகக் காயும், மூன்று மணிக்குக் கிழக்கே கருத்தால் ஆள் எல்லாம் ஓடணும்.

இங்கே சராசரியின் முதல் பலவீனம் தெரிகிறது. இரண்டு வாரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் தினமும் ஏழு மணி நேர வெயில். இன்னொன்றில் ஒரு நாள் பத்து, மறுநாள் நான்கு என்று மாறி மாறி. சராசரி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். காயப்போடுகிறவருக்கு முதல் வாரம் நிம்மதி, இரண்டாவது வாரம் பாதி நஷ்டம். அவருக்குத் தேவையான தகவல் சராசரியில் இல்லை, ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது.

சென்னை மழையும் சூரியனின் புள்ளிகளும்

சரி, இந்தச் சராசரி என்ற சங்கதியே நம் ஊருக்கு எப்படி வந்தது? வந்த வழி வானியல்.

1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். பிறகு கம்பெனி அதை ஏற்று, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் மேற்பார்வையில் கட்டடம் எழுப்பியது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. அவர்கள் நோக்கம் நட்சத்திரமும் கப்பல்களுக்கான தீர்க்கரேகையும். ஆனால் நட்சத்திர ஒளி காற்று மண்டலத்தில் வளைந்து வருவதால், அந்த வளைவைத் திருத்த வெப்பநிலையும் காற்றழுத்தமும் தெரிய வேண்டும். அதனால் 1796 முதல் ஜான் கோல்டிங்ஹாம் வானிலைக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தார். 1813-லிருந்து மழை அளவும் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. பஞ்சாங்கம் போலவே, நம் வானிலைப் பதிவேடும் நட்சத்திரம் பார்க்கப் போனவர்கள் கொண்டுவந்ததுதான்.

1876-ல் தாது வருடப் பஞ்சம். சேலமும் கோயம்புத்தூரும் மோசமாக அடிபட்ட மாவட்டங்கள். அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள்தான் இன்றைய திருப்பூரும். மாகாணம் முழுவதும் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். மழையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற கேள்வி அப்போது ஆட்சியாளர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இந்திய வானிலை ஆய்வுத்துறை அதற்கு ஒரு வருடம் முன்பு, 1875-ல்தான் ஹென்றி பிளான்ஃபோர்டு தலைமையில் தொடங்கியிருந்தது.

1877-ல் புள்ளிவிவரத் துறைத் தலைவர் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் ஒரு பதிலைக் கொண்டுவந்தார். சென்னையின் மழைப் பதிவை 1813-லிருந்து எடுத்து, சூரியப் புள்ளிகளின் 11 வருடச் சுழற்சியோடு பொருத்தினார். புள்ளிகள் குறையும் வருடங்களில் மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்றார். 'நேச்சர்' இதழை நிறுவிய நார்மன் லாக்கியரும் அவரோடு சேர்ந்து எழுதினார். கேட்க எவ்வளவு அழகு பாருங்கள். பஞ்சம் எப்போது வரும் என்று சூரியனைப் பார்த்தே சொல்லிவிடலாம்!

பிளான்ஃபோர்டு மற்ற ஊர்களின் மழையை எடுத்துப் பார்த்தார். நாட்டின் மற்ற பகுதிகளில் அந்தச் சுழற்சி நிற்கவில்லை. சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. இந்தியாவின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. 64 வருடத் தரவு கையில் இருந்தும், ஒரே ஒரு ஊரின் தரவு என்பது நாட்டின் தரவாகிவிடாது.

இருந்தாலும் சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கும் என்ற நம்பிக்கை உடனே சாகவில்லை. பஞ்சத்துக்குப் பிறகு எழுந்த அந்த வாதத்துக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவானதில் பங்கு உண்டு. 1899-ல் அமைந்த அந்த ஆய்வகம் 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை, ஆனால் 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். அது இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

1904-ல் வானிலைத் துறைத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். 1913-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் நோட்டைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவரும் இவரே. வாக்கர் உலகம் முழுவதிலிருந்தும் வானிலை எண்களை வரவழைத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் பயன்படும்படியான தொடர்பு தேறவில்லை. பசிபிக் பெருங்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் ஊஞ்சல் மாதிரி மாறி மாறி ஏறி இறங்குவது தென்பட்டது. இன்றைக்கு எல் நினோ என்று செய்தியில் கேட்கிறோமே, அதன் மறுபாதி அது. 2023–24 ஒரு எல் நினோ காலம். 2024 ஏப்ரல் ஈரோட்டு வெயிலைப் பேசும்போது அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எந்த முப்பது வருடம்?

'நார்மல்' என்று செய்தியில் சொல்கிறார்களே, அது இயற்கை வகுத்தது இல்லை. கமிட்டி வகுத்தது. 1935-ல் வார்சாவில் கூடிய உலக வானிலைத் துறைத் தலைவர்கள், ஒப்பிடுவதற்கு எல்லோரும் 1901–1930 என்ற ஒரே காலத்தை வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். முப்பது வருடப் பழக்கம் அப்படி நிலைத்தது. பிறகு 1931–60, 1961–90. இப்போது பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள், நடப்பில் இருப்பது 1991–2020.

இது வெறும் அலுவலகக் காரியம் மாதிரித் தெரியும். ஆனால் அடிப்படை நகர்ந்தால் தீர்ப்பும் நகரும். 2022-ல் இந்திய வானிலைத் துறை தென்மேற்குப் பருவமழையின் நீண்டகால சராசரியை மாற்றியது. 1961–2010 கணக்கில் 880.6 மில்லிமீட்டராக இருந்தது, 1971–2020 கணக்கில் 868.6 ஆனது. 12 மில்லிமீட்டர் குறைவு. 875 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு வருடம் பழைய அளவுகோலில் சராசரிக்குக் கீழே, புதிய அளவுகோலில் சராசரிக்கு மேலே. பெய்த மழை ஒன்றுதான்.

வெப்பத்தில் இது இன்னும் கூர்மையாக வெட்டும். சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க, முதலில் 40 டிகிரியைத் தொட வேண்டும், கூடவே அந்த நாளின் இயல்பை விட 4.5 டிகிரியாவது அதிகமாக இருக்க வேண்டும். அல்லது நேராக 45 டிகிரியைத் தொட வேண்டும். அதுவும் ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில் இரண்டு நாள் நீடிக்க வேண்டும். இயல்பு 36 என்றால் 40.5 வேண்டும். வெப்பம் கூடிக்கொண்டே போய், அடுத்த முப்பது வருட இயல்பு 37 ஆனால் 41.5 வேண்டும். ஊர் சூடாக ஆக, அதே 41 டிகிரி 'அலை' என்ற பெயரை இழந்துவிடும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முடிவு. அதனாலேயே, எது அலை, எது இயல்பு என்ற கேள்வி இனிமேல் வானிலை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு மட்டும் இல்லை.

நம் கையில் இருக்கும் சராசரி

நான்காவது அடிப்படை நம் ஞாபகம். அதுவும் ஒரு சராசரிதான், ஆனால் கணக்குப் போடும் விதம் வேறு. முப்பது வருடத்துக்கும் சம மதிப்பு கொடுக்காது. போன வருடத்துக்கு அதிகம், அதற்கு முந்தியதுக்குக் குறைவு, கல்யாணம், பரீட்சை, தேர்தல் நடந்த வருடத்துக்குத் தனி மதிப்பு. 2024-ஐ மனதில் வைத்துக்கொண்டு 2025 மே மாதத்தைப் பார்த்தவருக்கு அது ஊட்டி. 2025-ஐ வைத்துக்கொண்டு அடுத்த கோடையைப் பார்க்கிறவருக்கு அது நெருப்பு. பத்து வயதில் மர நிழலில் விளையாடிய மே மாதத்தையும், நாற்பது வயதில் தார் ரோட்டில் பைக் ஓட்டும் மே மாதத்தையும் ஒப்பிட்டால், மாறியது வானம் மட்டுமில்லை.

அப்படியானால் ஞாபகத்தைத் தள்ளிவிட்டு எண்ணை மட்டும் நம்பலாமா? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. "சராசரி ஒரு டிகிரிதான் கூடியிருக்கு, அதுக்கு இவ்வளவு புலம்பலா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போடலாம். இது உதாரணத்துக்கு நானே வைத்துக்கொண்ட எண், எந்த நிலையத்தின் பதிவும் இல்லை. ஏப்ரல், மே 61 நாளில் பகல் உச்சத்தின் சராசரி 36, நாளுக்கு நாள் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 1.5 டிகிரி, மணி வடிவப் பரவல் என்று வைப்போம். 39-ஐத் தாண்டும் நாட்கள் 100-க்கு 2.3, அதாவது இரண்டு மாதத்தில் ஒன்றரை நாள். சராசரியை 37 ஆக்குங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம். 39-ஐத் தாண்டும் நாட்கள் 100-க்கு 9. அதாவது ஐந்தரை நாள். சராசரி ஒரு டிகிரி நகர்ந்தது, தாங்க முடியாத நாட்கள் கிட்டத்தட்ட நான்கு மடங்காயின. உடம்பு சராசரியை உணர்வதில்லை. அது அந்த ஐந்தரை நாளைத்தான் எண்ணுகிறது. "முன்ன மாதிரி இல்லை" என்று சொல்பவரும், "ஒரு டிகிரிதானே" என்று சொல்பவரும் ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்ல முடியும்.

இன்னொன்றும் உண்டு. அந்த 36 டிகிரி எங்கே அளந்தது? வெள்ளையடித்த, காற்று புகும் பலகை வைத்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில், திறந்த புல்வெளியில். இந்தப் பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. உலகம் முழுக்க ஒரே மாதிரிப் பெட்டியில் அளந்தால்தான் ஊரோடு ஊரை ஒப்பிட முடியும் என்பது மிகச் சரியான யோசனை. ஆனால் அந்தப் பெட்டி தகரக் கூரைக்குக் கீழே, பவர் டேபிள் வரிசைக்கு நடுவில் வைக்கப்படுவதில்லை. அயர்ன் டேபிளில் நாள் முழுக்க நிற்பவருக்கு வானிலை நிலையத்தின் 36 என்பது பக்கத்து ஊரின் வெப்பநிலை மாதிரி.

1877-ல் ஹண்டர் சென்னையின் எண்ணை நாட்டுக்கே பொருத்தினார். இன்று நாம் விமான நிலையத்துப் புல்வெளியின் எண்ணைக் கம்பெனி ஷெட்டுக்குள் பொருத்துகிறோம். வித்தியாசம் அளவில்தான்.

இதற்கு வழி கடினமானது இல்லை. சில நூறு ரூபாய்க்கு வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் மீட்டர் கிடைக்கிறது. கட்டிங், பவர் டேபிள், அயர்ன், செக்கிங் பக்கம் ஒவ்வொன்று மாட்டி, காலை பத்து, மதியம் இரண்டு, மாலை ஐந்து என்று தினமும் ஒரு நோட்டில் எழுதலாம். கோல்டிங்ஹாம் 1796-ல் ஆரம்பித்ததும் இவ்வளவுதான். முதல் வருடம் அந்த நோட்டு எதையும் நிரூபிக்காது. ஐந்தாவது வருடம் பேச ஆரம்பிக்கும். எந்த மாதத்தில் ஷிஃப்ட் நேரத்தை மாற்றணும், கூரைக்கு வெள்ளையடித்ததில் எத்தனை டிகிரி குறைந்தது, எந்த மணிக்கு மேல் ஆட்களை நிறுத்தணும் என்று முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேசலாம்.

"முன்ன மாதிரி இல்லைங்க" என்பதை யாரும் மறுக்க முடியாமல் சொல்ல வேண்டுமானால், 'முன்ன' எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். பிப்ரவரி கடைசிக்குள் ஆரம்பித்துவிட்டால் நல்லது. நம் ஊர் இளவேனில் சித்திரைக்காகக் காத்திருப்பதில்லை.